நிறத்தை நம்பி ஆசிட் ஊற்றலாமா?

பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியதோடு நீச்சல் குளங்களும் பெருகிவிட்டன. குளத்தைத் துப்புரவு செய்து மருந்து கலக்கும் வேலையில், பிழைப்புத் தேடி வந்த தமிழ்த் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். சோதனைப் பெட்டி ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் தங்கள் கடமை தீர்ந்தது என்று பல நிர்வாகங்கள் எண்ணுகின்றன. இது சரியன்று.

பெட்டியில் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று குளோரின் அளவைக் காட்டும். மற்றது பி.எச்., அதாவது நீர் அமிலப் பக்கமா, காரப் பக்கமா என்பதைக் காட்டும். குளோரின் கலந்த குளத்தில் பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 8ஐத் தாண்டினால் குளோரினின் கிருமி கொல்லும் சக்தி வெகுவாகக் குறையும். 7க்குக் கீழே இறங்கினால் கண் எரியும்; பம்பின் உலோகம் அரிக்கும்.

பி.எச். பார்க்க உதவும் பீனால் ரெட் சாயம் மஞ்சள் முதல் சிவப்பு வரை நிறம் காட்டுவது. ஆனால் குளோரின் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராமைத் தாண்டினால், அது சாயத்தையே வேறொரு சாயமாக மாற்றிவிடும். அப்போது பி.எச். சரியாக இருக்கும் நீரும் ஊதாவாகத் தெரியும். பாசியை ஒழிக்க இரவில் பவுடரை அள்ளிப் போட்டுவிட்டு, காலையில் சோதித்தால் நேர்வது இதுதான். பி.எச். ஏறிவிட்டதென்று நம்பித் தொழிலாளி ஆசிட் ஊற்றுகிறார். நல்ல நீர் கெடுகிறது. அவசரத்தில் ஆசிடும் பவுடரும் ஒரே வாளியில் சேர்ந்துவிட்டாலோ, கிளம்பும் நச்சுவாயு அவர் நுரையீரலைத்தான் முதலில் தாக்கும்.

குளோரின் சோதனையும் ஏமாற்றக்கூடும். அளவு மிகும்போது டி.பி.டி. மருந்தின் இளஞ்சிவப்பு தோன்றிய வேகத்தில் வெளுத்துவிடும். குளோரினே இல்லையென்று எண்ணி மேலும் பவுடர் கொட்டுவார்கள்.

பரிகாரம் கடினமன்று. முதலில் குளோரினைப் பார்க்க வேண்டும். சந்தேகம் எழுந்தால், மாதிரி நீரில் காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்துச் சோதித்து, சேர்த்த விகிதப்படி பெருக்கிக்கொள்ளலாம். பி.எச்.சுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குளோரின் இறங்கும்வரை காத்திருப்பதோ, மின்கருவியால் அளப்பதோதான் வழி. குளோரினை முறிக்கும் தயோசல்பேட் சொட்டையும் அளவோடு விட வேண்டும். மிஞ்சினால் அதுவே கணக்கைப் பிசகச் செய்யும். குளோரின் இறங்கும்வரை குளத்தைப் பூட்டி வைப்பதும் அவசியம்.

இவற்றைத் தொழிலாளி தாமாகவே அறிந்திருக்க வேண்டும் என்பது நியாயமல்ல. கருவி, கையுறை, முகக்கவசம், தாய்மொழியில் எழுதிய செய்முறை அட்டை ஆகியவற்றைக் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. குளத்துக்கு லட்சக்கணக்கில் செலவிடுவோருக்கு இது ஒரு பாரமாகாது. ஊதா நிறம் கண்டால் ஆசிட் கேனைத் தொடாமல் மேலாளரை அழைக்கும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். அதற்காக அவரைக் கடிந்துகொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும்.