அவர் போனபோது யார் கேட்டார்கள்?

என் மகளை நான் திருச்சி எல்லையைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போகக் கூடாதாம். சமயபுரத்துக்குப் போகலாம், பெங்களூருக்குக் கூடாது. இந்த இடைக்கால உத்தரவை வாங்கிய மனிதர் அபுதாபியில் இருக்கிறார். பவர் வாங்கிக்கொண்டு மனுவில் கையெழுத்துப் போட்டது அவருடைய அப்பா.

பிள்ளைக்குப் பால்பல் விழும் முன்பே விமானம் ஏறியவர் அவர். அன்று எந்த நீதிமன்றம் அவரைக் கூப்பிட்டு, "நீ போய்விட்டால் குழந்தை தகப்பனை எப்படிப் பார்க்கும்?" என்று கேட்டது? ஜீவனாம்சத்தை மாதக்கணக்கில் இழுத்தடிப்பார், கேட்டால் வாய்தா. வளர்க்காதவன் உலகம் முழுக்கச் சுற்றலாம். வளர்க்கிறவள் ஆயுசுக்கும் ஒரே ஊரில் முளையடித்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

நான் ஊர் சுற்றவா போகிறேன்? என் அலுவலகத்தின் திருச்சிக் கிளையை மூடுகிறார்கள். பெங்களூரில் அதே வேலை, கூடுதல் சம்பளம். அங்கே அக்கா வீடு இருக்கிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போட ஆள் உண்டு. இங்கே ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எண்பதைத் தொட்ட என் அம்மா, பேத்தியைப் பார்த்துக்கொள்கிறாளா, பேத்தி அவளைப் பார்த்துக்கொள்கிறாளா என்றே தெரியவில்லை.

அவர்கள் மனுவில் ஒரு வரி இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தால்தான் குழந்தைக்கு நம் கலாச்சாரம் வருமாம். படித்துவிட்டுச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? அபுதாபியில் எந்தக் கோபுரம் தெரிகிறது அவருக்கு?

இந்த ஊர்க் கதையை எனக்குச் சொல்ல வேண்டாம். 1323ல் சுல்தான் படை வந்தபோது பிள்ளை லோகாச்சாரியார் நம்பெருமாளைக் கோயிலில் வைத்துப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே போனார். வழியிலேயே உயிரையும் விட்டார். பெருமாள் ஊர் ஊராகப் போய் 1371ல்தான் திரும்பி வந்தார். அதைக் கைங்கர்யம் என்று கொண்டாடுகிறோம். பிழைப்புக்காக ஒருத்தி தன் பிள்ளையை இடுப்பில் தூக்கினால் மட்டும் "தகப்பனிடமிருந்து பிரிக்கிறாள்". (பெரியவர்கள் கோபிக்க வேண்டாம், வயிற்றெரிச்சல் பேசுகிறது.)

வக்கீல் பொறுமையாகத்தான் விளக்குகிறார். 1890ஆம் வருடத்துப் பாதுகாவலர் சட்டம். குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர், அதன் அனுமதியில்லாமல் குழந்தையை அந்த எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. பிரிந்த பெற்றோரில் ஒருவர் பிழைக்க வேறு ஊர் போனால் என்ன செய்வது என்று தனியாக ஒரு சட்டம் இன்றுவரை கிடையாது. வெள்ளைக்காரன் எழுதிய வரிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நீதிபதியிடம் முதலிலிருந்து மன்றாட வேண்டும்.

1956ஆம் வருடத்துச் சட்டமோ, இந்துக் குழந்தைக்கு இயற்கைப் பாதுகாவலர் தகப்பன், அவருக்குப் பிறகுதான் தாய் என்கிறது. மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப்போன எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம் தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தகப்பன் கவனிக்காத நிலையில், அவர் உயிரோடிருக்கும்போதே தாய் பாதுகாவலர் ஆகலாம் என்று 1999ல் தீர்ப்பு வந்தது. சட்டத்தில் அந்த வரி மட்டும் அப்படியே கிடக்கிறது. பள்ளியில் டி.சி. கேட்டாலும் "சார் வரலையா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அனுமதி கிடைக்காமலும் இல்லை. பெங்களூரில் இருந்த ஒரு தாய் வேலைக்காகக் குழந்தையோடு சிங்கப்பூர் போக 2020ல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. தகப்பனுக்குக் காணொளி அழைப்பும் நேரில் பார்க்க ஏற்பாடும் செய்தது. சிங்கப்பூருக்கே வழி உண்டென்றால் ராத்திரி ரயில் ஏறினால் விடிகாலையில் இறங்கும் பெங்களூருக்கு ஏன் இத்தனை வாய்தா? அந்தத் தாய்க்கு டெல்லி வரை போகத் தெம்பிருந்தது. எனக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்வரும் வக்கீல் ஃபீஸே கழுத்தை நெரிக்கிறது.

"பேசாமல் கிளம்பிப் போய்விடு" என்கிறாள் அக்கா. "போயிடாதீங்கம்மா" என்கிறார் வக்கீல். போனால் உத்தரவை மீறியவள் நானாவேன். ஆள்கொணர்வு மனு போடுவார்கள். பிள்ளையைப் போலீஸ் அழைத்துவரும். அதை அவள் பார்க்கக் கூடாது.

அவருக்கு மகள்மேல் பாசம் இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போனில் அவளை விழுந்து விழுந்து சிரிக்க வைக்கிறார். அந்தப் போன் பெங்களூரில் அடிக்காதா? லீவில் வரும்போது விமானம் அங்கே இறங்காதா?

கவுன்டர் தயாராகிவிட்டது. "அபுதாபி செல்வதற்கு முன் மனுதாரர் எந்த நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றார்?" என்று நான் எழுதிக் கொடுத்த வரியை வக்கீல் அடித்திருந்தார். சட்டப்படி அது நிற்காதாம். நிற்காவிட்டால் பரவாயில்லை சார், படிக்கிறவர் ஒரு தடவை படிக்கட்டும் என்று திரும்ப எழுதிக் கொடுத்திருக்கிறேன்.