வகையும் வளர்ச்சியும்

பொறியியல் என்றவுடன் கணிதமும் இயற்பியலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், ஒரு பாலத்தையோ ஏவூர்தியையோ தனியொருவர் உருவாக்குவதில்லை. வரைபவர், கணக்கிடுபவர், சோதிப்பவர், கட்டுபவர் எனப் பலரும் கூடியே உருவாக்குகின்றனர். ஒருவர் செய்ததை மற்றொருவர் சரிபார்க்கிறார். எனவே, உடன் பணியாற்றுவோரைப் புரிந்துகொள்வதும் பொறியாளருக்குரிய திறன்களுள் ஒன்றாகிறது. அத்திறனை வளர்க்க இன்றைய நிறுவனங்கள் பல இரு வழிகளைக் கையாளுகின்றன. ஒன்று, ஆளுமை வகைகளை அறிதல். மற்றொன்று, பின்னூட்டம் அளித்தல். முன்னது துணை செய்யலாம். பின்னதே மனிதரை வளர்க்கும் என்பது என் கருத்து.

பதினாறு வகைகள்

சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் கார்ல் யுங், 1921ஆம் ஆண்டு ஆளுமை வகைகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். மன ஆற்றலை உள்நோக்கிச் செலுத்துவோரை அகமுகர் என்றும், வெளியுலகை நோக்கிச் செலுத்துவோரைப் புறமுகர் என்றும் அவர் பிரித்துக் காட்டினார். அக்கருத்தைத் தழுவி, அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தரின் பிரிக்ஸும் அவர்தம் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் ஒரு வினாநிரலை உருவாக்கினர். அது நான்கு இணைப்பண்புகளின் அடிப்படையில் மனிதர்களைப் பதினாறு வகையினராகப் பகுக்கிறது.

இதனால் ஒரு பயன் உண்டு. கூட்டத்தில் உடனுக்குடன் பேசித் தெளிபவர் ஒருவர். தனித்திருந்து எண்ணி, மறுநாள் எழுதித் தருபவர் மற்றொருவர். முதலாமவரை அவசரக்காரர் என்றும் இரண்டாமவரை ஆர்வமற்றவர் என்றும் தவறாக எடைபோடாதிருக்க இவ்வறிவு உதவும்.

ஆனால், இவ்வகைப்பாட்டின் எல்லையையும் உணர வேண்டும். சில வாரங்கள் கழித்து அதே வினாக்களுக்கு மீண்டும் விடையளிப்போரில் பலர், வேறொரு வகையினராகக் காட்டப்படுகின்றனர். இதற்குக் காரணம் எளிது. மனிதப் பண்புகள் உயரத்தைப் போன்றவை. நெட்டையர் சிலர், குட்டையர் சிலர், இடைப்பட்டோரே பெரும்பாலோர். நடுவில் ஒரு கோடு கிழித்து, இப்பக்கம் அகமுகர், அப்பக்கம் புறமுகர் என்றால், கோட்டின் அருகே நிற்போர் இன்று ஒரு பக்கமும் நாளை மறுபக்கமும் சேர்வது இயல்பே. ஆளைத் தேர்ந்தெடுக்க இவ்வினாநிரலைப் பயன்படுத்தலாகாது என்று அதனை வெளியிடும் நிறுவனமே அறிவுறுத்துகிறது. 'இவர் அமைதியானவர், தலைமைக்கு உதவார்' என்று முத்திரை குத்துவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணியைப் பேசுதல்

செய்த பணியின் நிறைகுறைகளைச் செய்தவரிடமே எடுத்துரைப்பது பின்னூட்டம். இளம் பொறியாளர் ஒருவர் வரைந்த தூண் வரைபடத்தில் ஒரு குறை இருப்பதாகக் கொள்வோம். "உமக்குப் பொறுப்பே இல்லை" என்று மேலாளர் கடிந்தால், இளைஞர் மனம் வருந்துவார், வரைபடம் திருந்தாது. "இத்தூணில் வளையக் கம்பிகளின் இடைவெளி குறிக்கப்படவில்லை, களத்தில் கம்பி கட்டுபவர் தாமாகவே ஓர் அளவைக் கொள்ள நேரும்" என்றால், குறை எது, அதன் விளைவு எது, திருத்த வேண்டியது எது என மூன்றும் விளங்கிவிடும். ஆளுமை பற்றிய அறிவு இங்கேதான் பயன்படும். ஒருவரிடம் நேரில் உரையாடலாம். மற்றொருவரிடம் எழுதிக் கொடுத்து, எண்ணிப் பார்க்கக் காலம் தரலாம். சொல்லும் முறை ஆளுக்கேற்ப மாறலாம். சொல்லவேண்டிய உண்மை மாறலாகாது.

1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், இந்தியாவின் எஸ்.எல்.வி. 3 ஏவூர்தி தன் முதல் பயணத்தில் தோல்வியுற்று வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். எனினும், செய்தியாளர் முன் நின்று பொறுப்பை ஏற்றவர் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். பழியைத் தலைவர் ஏற்றார். பழுதைக் குழு ஆராய்ந்தது. 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அவ்வூர்தி ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று செய்தியாளரிடம் பேசும் வாய்ப்பைத் தவான் கலாமுக்கே அளித்தார்.

கேட்கும் செவி

பின்னூட்டத்திற்குச் சொல்லும் நா மட்டும் போதாது. கேட்கும் செவியும் வேண்டும். அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் உந்துகலன்களில், இணைப்புகளை அடைத்து நிற்கும் ரப்பர் வளையங்கள் இருந்தன. அவ்வளையங்கள் செயலிழந்தால் உயிர்ச்சேதம் நேரும் என்று, உந்துகலன்களைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜாலி 1985ஆம் ஆண்டு ஜூலையிலேயே எழுதினார். ஏவுதலுக்கு முந்தைய இரவு நடந்த தொலைபேசிக் கலந்துரையாடலிலும், கடுங்குளிரில் ஏவ வேண்டாம் என அவரும் உடன் பணியாற்றியோரும் வாதிட்டனர். மேலாளர்கள் அதனைப் புறந்தள்ளினர். 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், புறப்பட்ட 73ஆவது நொடியில் ஓடம் சிதைந்தது. அதில் சென்ற எழுவரும் மாண்டனர்.

அப்பொறியாளர்கள் எவ்வகை ஆளுமையினர் என்பது அன்று பொருட்டன்று. அவர்கள் எழுதினர், பேசினர், வாதிட்டனர். கேட்கவேண்டியவர்களே கேட்கத் தவறினர். இடித்துரைக்கும் பெரியோரின் துணை ஆள்வோர்க்கு இன்றியமையாதது என்பதற்கெனத் திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே அமைந்திருப்பதை இங்கு நினைவுகூரலாம்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை பொறியாளராகலாம். 'எனக்குக் கூச்சம் மிகுதி. இத்துறை எனக்கு ஒத்துவராது' என்று இப்போதே முடிவுகட்டிவிடாதீர்கள். உங்கள் இயல்பை அறிந்துகொள்ளுங்கள், அதையே வேலியாக்கிக்கொள்ளாதீர்கள். நண்பர் செய்த ஆய்வக அளவீட்டில் பிழை கண்டால், அவரைக் குறைகூறாது பிழையைச் சுட்டுங்கள். உங்கள் பிழையை ஒருவர் சுட்டினால், மறுமொழி கூறுமுன் அளவீட்டை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். பொறியாளராவதற்கான பயிற்சியை இன்றே, உங்கள் ஆய்வகத்திலேயே தொடங்கலாம்.