பெருநாள் மடலும் ஐந்து ரூபாய் முத்திரையும்



நோன்புப் பெருநாளை முன்னிட்டு நம் மக்தப் பிள்ளைகள் வாழ்த்து மடல் தயாரிப்பது வழக்கம். கடந்த ஆண்டு, மடலில் அச்சிடுவதற்கான ரப்பர் முத்திரைப் பெட்டியைக் கடையில் வாங்கி வருமாறு நாம் அறிவித்தோம். சில நூறு ரூபாய்தானே என்று எண்ணினோம். மறுநாள் பிள்ளைகள் பலர் வண்ணப் பெட்டிகளுடன் வந்தனர். ஒரு சிறுவன் மட்டும் இரண்டு நாட்கள் வரவில்லை. வீட்டிற்குச் சென்று விசாரித்தபோது அவனுடைய பாட்டியார் தயங்கியபடி, "பெட்டி வாங்கத் தோதில்லை ஹஜ்ரத். வெறுங்கையோட வர வெக்கப்படுறான்" என்றார். ஓத வரும் பிள்ளையை ஒரு விளையாட்டுப் பெட்டி தடுத்துவிட்டது. அதற்குக் காரணம் நாமே.

அன்றே பெட்டிகளை ஒதுக்கிவைத்து, கையில் கிடைத்தவற்றைக் கொண்டு முத்திரை செய்யத் தொடங்கினோம். பள்ளிவாசல் வராந்தாவில் உடைந்து கிடந்த குடையின் கம்பி வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். அதில் ஒரு விரல் நீளம் வெட்டி, நுனியைச் சாணைக்கல்லில் தீட்டி, மூங்கில் துண்டில் செருகி நூலால் இறுகக் கட்டினால் செதுக்குளி ஆயத்தம். ஐந்து ரூபாய் அழிரப்பரே முத்திரைக்கான கட்டை. தகர டப்பாவின் மூடியில் பழைய பருத்தித் துணியை நான்கைந்து மடிப்பாக வைத்து, கெட்டியாகக் கரைத்த போஸ்டர் வண்ணத்தைத் தடவினால் மைப்பெட்டி.

செதுக்கும் பணி பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் உரியது. ரப்பரைப் பிடித்த கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். சிறுவர்களுக்குப் பழைய சைக்கிள் டியூபே போதும். கத்தரியால் பிறை, இலை, நட்சத்திரம் என வெட்டி மரத்துண்டில் ஒட்டலாம். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் மை சீராகப் பற்றும். சமையலறையில் வெட்டி எறியும் வெண்டைக்காயின் காம்புப் பகுதி கூட அழகிய பூவாகப் பதியும்.

'ஈத் முபாரக்' என்று அரபியில் செதுக்க விரும்புவோர், கருமையான பென்சிலால் தாளில் எழுதி, அதை ரப்பரின் மீது கவிழ்த்து நகத்தால் தேய்க்க வேண்டும். எழுத்துகள் தலைகீழாக அல்ல, இடவலம் மாறிப் பதியும். எழுத்துகள் மேடாக நிற்கும்படி சுற்றிலும் செதுக்கினால், அச்சில் நேராக வரும். 'பா' எழுத்தின் கீழுள்ள ஒற்றைப் புள்ளி உளி பட்டுப் போய்விட்டால் சொல்லே கெட்டுவிடும். புள்ளியின் அருமையை நாம் பல நாள் வாயால் சொல்லிப் புரியாத பிள்ளைகள், அன்று கையால் உணர்ந்தனர்.

முத்திரை நமக்குப் புதியதன்று. முத்திரையிடப்படாத மடல்களை அரசர்கள் ஏற்பதில்லை என்று கூறப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்து, அதில் 'முஹம்மது ரசூலுல்லாஹ்' என்று பொறிக்கச் செய்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. அச்சொற்கள் மூன்று வரிகளில் அமைந்திருந்தன. அதே வாசகத்தைப் பிறர் தம் மோதிரத்தில் பொறிப்பதை நபியவர்கள் தடுத்தார்கள். இதிலிருந்து நாமும் ஒரு பேணுதலைக் கற்கிறோம். மை சிந்தும் இடத்திலும் குப்பையில் சேரும் தாளிலும் அல்லாஹ்வின் திருநாமமோ இறைவசனமோ இடம்பெறலாகாது. பிறையும் கொடியும் கோலமும் போதுமானவை.

"கடையில் வாங்கினால் நேரம் மிச்சம், அச்சும் சுத்தம்" என்று சில பெற்றோர் கூறுகின்றனர். உண்மைதான். நம் அச்சு சில இடங்களில் அழுந்தியும் சில இடங்களில் மங்கியும் விழுந்தது. ஆயினும், ஒரு வாரம் கழித்து அலமாரியில் முடங்கும் பொருளுக்குச் செலவிடுவது, வீண்விரயத்தைக் கண்டிக்கும் திருக்குர்ஆனை (17:26-27) ஓதும் இல்லங்களுக்கு அழகா? அதைவிடப் பெரிய கேள்வி, வாங்க இயலாத பிள்ளை எங்கே நிற்பது என்பது. தாவூத் (அலை) அவர்கள் தம் கையுழைப்பால் உண்டதை நபியவர்கள் சிறப்பித்துக் கூறினார்கள். கையால் செய்வதில் குறைவு எதுவுமில்லை.

எனவே இவ்வாண்டு மக்தபில் கடைப் பெட்டிகளுக்கு இடமில்லை என்று முடிவு செய்துள்ளோம். உளியும் மையும் பொதுவில் இருக்கும். பழைய குடையும் டியூபும் இருப்போர் கொடுத்துதவுங்கள். பிள்ளைகளுக்கு ஏதேனும் வாங்கி வரச் சொல்லும் முன் நம்மைப் போன்ற ஆசிரியர்களும் ஒருமுறை சிந்திப்போமாக.

எவருடைய பிள்ளையும் வெட்கத்தால் ஓதும் இடத்தைத் துறக்காத சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.