தார் ஊற்றுவதற்கு முன்...

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கும் ஹண்டிங்டனுக்கும் நடுவே ஓடும் ஏ14 சாலை நெரிசலுக்குப் பேர்போனது. அதை அகலப்படுத்தி, கூடவே புதிதாக ஒரு புறவழிச்சாலையும் போட முடிவானது. மொத்தம் சுமார் 34 கிலோமீட்டர். செலவு 150 கோடி பவுண்டு. ஆனால், ரோடு ரோலருக்கு முன்னால் வந்து இறங்கியவர்கள் தொல்லியல் ஆட்கள்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு சண்டை உண்டு. 1989-ல் லண்டனில் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கான இடத்தைத் தோண்டியபோது, ஷேக்ஸ்பியர் காலத்து ‘ரோஸ்’ நாடக அரங்கம் வெளிப்பட்டது. அதைக் காப்பாற்றச் சொல்லி நடிகர்களே தெருவுக்கு வந்தார்கள். மறு ஆண்டே அரசு நெறிமுறை வகுத்தது: மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும், செலவு கட்டுகிறவர் தலையில்!

எப்படிப் பார்ப்பது? முதலில் விமானப் படங்கள். வறண்ட கோடையில் வயலில் ஒரு கோடு மட்டும் பச்சையாக நின்றால், அடியில் மூடிப்போன பழைய அகழி ஈரம் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து காந்தமானி. சூளையும் அடுப்பும் எரிந்த மண்ணின் காந்தத்தன்மை மாறிப்போயிருக்கும். நூற்றாண்டுகள் கழித்தும் கருவி அதைக் கண்டுபிடித்துவிடும். சந்தேகம் வந்த இடத்தில் நீளவாக்கில் சோதனைக் குழிகள். அதன் பிறகுதான் முழு அகழாய்வு. ஏ14-ல் ஒரு கட்டத்தில் 250 பேர் வரை வேலை பார்த்தார்கள்.

கிடைத்தவற்றில் ஒன்று, லேலியானஸ் என்பவரின் நாணயம். ரோமானியப் பேரரசராகத் தன்னை அறிவித்துக்கொண்டவர். கி.பி. 269-ல் சுமார் இரண்டே மாத ஆட்சி. அதோடு அவர் கதை முடிந்தது. அதற்குள் நாணயம் அடிக்க நேரம் கிடைத்திருக்கிறது பாருங்கள்! இங்கிலாந்தில் அவர் நாணயம் கிடைப்பது அது இரண்டாவது முறை.

நாணயத்தைவிட மண் அதிகம் பேசியது. மூட்டை மூட்டையாக மண்ணை அள்ளித் தண்ணீரில் கரைத்தால், கரிந்த தானியத் துணுக்குகள் மேலே மிதக்கும். அவற்றை வடித்து நுண்நோக்கியில் பார்த்ததில், கி.மு. 400 வாக்கில் அங்கே பீர் காய்ச்சியதற்கான தடயம் கிடைத்தது. பிரிட்டனில் அதுவரை தெரிந்ததிலேயே பழையது. மண்வாரி இயந்திரம் ஒரே அள்ளில் லாரியில் கொட்டியிருக்கக்கூடிய விஷயம்.

ஹோட்டன் என்ற கைவிடப்பட்ட ஊரும் வெளியே வந்தது. 12 கட்டடங்களின் அடித்தளங்கள், நடுவே சந்துகள். 12-ம் நூற்றாண்டுவாக்கில் மக்கள் காலி செய்திருக்கிறார்கள். அந்தப் பகுதியை அரச வேட்டைக்காடாக அறிவித்ததால் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

தோண்டி முடித்த இடங்கள் பிறகு சாலைப் பணிக்கே ஒப்படைக்கப்பட்டன. படங்கள், வரைபடங்கள், பெட்டிகளில் அடுக்கிய பொருட்கள். மிஞ்சுவது அவ்வளவுதான். 2020 மே மாதம் சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது.

பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கும் வேலை அதற்குப் பிறகும் ஓயவில்லை. பார் ஹில் என்ற இடத்தில் கிடைத்த சின்னச் சீப்பு ஒன்று, இரும்புக் காலத்தைச் சேர்ந்தது. மனித மண்டையோட்டு எலும்பில் செதுக்கியது! பற்களில் தேய்மானமே இல்லை. தலைவார யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. ஒரு துளை மட்டும் இருக்கிறது. கயிறு கோத்துத் தாயத்துபோல் அணிந்திருக்கலாம் என்கிறார்கள்.