கார்டில் வந்த பணம் கார்டிலேயே திரும்பட்டும்

கேள்வி: “மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் விற்கிறோம். குடைவரைக் கோயில் பார்க்க வந்த ஒருவர் 3,400 ரூபாய்க்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு கிரெடிட் கார்டு கொடுத்தார். என் மகன் மெஷினில் ஒரு சைபர் கூடுதலாக அழுத்தி 34,000 எடுத்துவிட்டான். மறுநாள் மதியம் அவர் போன் செய்து, மீதியை ஜிபேயில் அனுப்பச் சொல்கிறார். அனுப்பிவிடலாமா?”
- வாசகி ஒருவர், தளவானூர், செஞ்சி வட்டம்.

பதில்: அனுப்ப வேண்டாம். கூடுதலாக எடுத்த 30,600 ரூபாய் அவருக்குச் சேர வேண்டியதுதான். ஆனால், கார்டில் வந்த பணம் அதே கார்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

கார்டைத் தேய்த்தவுடன் பணம் கடைக்காரர் கணக்குக்கு வந்துவிடுவதில்லை. கார்டு கொடுத்த வங்கி ‘சரி’ சொல்லி, அந்தத் தொகையை வாடிக்கையாளரின் வரம்பில் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். அன்றைய வியாபாரம் முழுவதையும் மெஷின் மொத்தமாக அனுப்பி முடிக்கும்போதுதான் பணம் நகரும். இதற்குப் பெயர் செட்டில்மென்ட். பெரும்பாலும் இரவில் தானாகவே நடந்துவிடும்.

விற்பனைக்கூடத்துக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றுகிற மாதிரிதான் இதுவும். வண்டி கிளம்புவதற்கு முன் தவறான மூட்டையைக் கண்டுபிடித்தால் இறக்கிவிடலாம், செலவில்லை. செஞ்சி போய் இறங்கிவிட்டால் திரும்பக் கொண்டுவர இன்னொரு வாடகை. முதலாவது ‘வாய்டு’, இரண்டாவது ‘ரீஃபண்ட்’.

அன்று மாலைக்குள், செட்டில்மென்ட் ஆவதற்கு முன் பார்த்திருந்தால், மெஷினில் வாய்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, ஸ்லிப்பில் உள்ள இன்வாய்ஸ் எண்ணைக் கொடுத்தால் போதும். வாய்டில் பொதுவாக முழுத் தொகையும்தான் ரத்தாகும். 30,600-ஐ மட்டும் ரத்து செய்ய வழியில்லை என்பதால், 34,000-ஐ ரத்து செய்துவிட்டு 3,400-க்கு மறுபடி தேய்க்க வேண்டும். பணமே நகராததால் கட்டணமும் கிடையாது. ஸ்லிப்பைக் கசக்கிப் போடாமல் ஆணியில் குத்தி வைக்கிற பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும்.

மறுநாள் மதியம் என்றால் பெரும்பாலும் வண்டி கிளம்பிவிட்டது. இனி ரீஃபண்ட்தான். இதில் ஒரு பகுதியை மட்டும் திருப்பலாம். 30,600 என்று போட்டால் போதும். மெஷினில் அந்த வசதி திறந்திருக்காவிட்டால், மெஷின் கொடுத்த வங்கிக்கு எழுத்துமூலம் கேட்க வேண்டும். அடுத்தடுத்த நாள்களின் வசூலில் வங்கி அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்ளும். வசூல் போதாவிட்டால் கணக்கிலிருந்து எடுக்கும். கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வாடிக்கையாளர் கார்டில் வரவாக ஒரு வாரம் வரை ஆகலாம் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தினமும் போன் வராது.

கட்டணம்தான் வலிக்கும் இடம். கிரெடிட் கார்டுக்கு 2 சதவிகிதம் என்று ஒப்பந்தம் இருந்தால், 34,000-க்கு 680 ரூபாய். ரீஃபண்ட் செய்தாலும் முதலில் பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தராத ஒப்பந்தங்கள் உண்டு. 3,400 ரூபாய் வியாபாரத்தில் 680 போனால் என்ன மிஞ்சும்? ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்குப் பதிலாக ஜிபேயில் அனுப்பினால் என்ன? அனுப்பிய பிறகும் அந்த 34,000 கார்டு பில்லில் அப்படியே நிற்கும். அவர் தன் வங்கியில், ‘கூடுதலாக எடுத்துவிட்டார்கள்’ என்று புகார் செய்தால், வங்கி கடையின் வசூலிலிருந்து அந்தத் தொகையைப் பிடித்து அவருக்குக் கொடுக்கும். இதை சார்ஜ்பேக் என்பார்கள். தனியாக அனுப்பிய பணத்துக்கும் இந்தக் கார்டு கணக்குக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. 30,600 இரண்டு முறை போகும். ரொக்கமாகக் கொடுத்தால் இன்னும் மோசம். கார்டைத் தேய்த்து ரொக்கம் கொடுத்ததாகக் கருதி மெஷினையே பிடுங்கிவிடலாம். வாடிக்கையாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால், இதே பேச்சை வைத்துப் பிழைப்பவர்களும் உண்டு.

இன்னொரு குழப்பம்: வாடிக்கையாளருக்குப் பணம் பிடித்ததாகக் குறுஞ்செய்தி வரும், மெஷினில் ஸ்லிப் வராது. இதற்குக் கடைக்காரர் எதையும் திருப்பத் தேவையில்லை. 2019 செப்டம்பரில் வெளியான ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, அந்தப் பணம் 5 நாள்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. க்யூஆர் அட்டையில் யுபிஐ மூலம் செலுத்தி, கடைக்கு உறுதிச் செய்தி வராவிட்டாலும் இதே கணக்குதான். வங்கி 30 நாள்களில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

வாங்குகிற பக்கம் நிற்கும் விவசாயிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. கிசான் கிரெடிட் கார்டைத் தேய்த்து வாங்கிய விதையையோ மருந்தையோ பிரிக்காமல் திருப்பிக் கொடுக்கும்போது, ‘ரொக்கமா வாங்கிக்கோங்க, இல்லேன்னா அடுத்த தடவை கழிச்சுக்கலாம்’ என்பார்கள். கையில் வந்த ரொக்கம் செலவாகிவிடும். கடன் கணக்கில் அந்தத் தொகைக்கு 7 சதவிகித வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தவணை தவறாமல் கட்டினால்தான் அது 4 சதவிகிதமாகக் குறையும். அதனால், கார்டுக்கே ரீஃபண்ட் கேட்டு, அதற்கான ஸ்லிப்பையும் வாங்க வேண்டும். உரக்கடையில் விரல் வைக்கிற மெஷின் வேறு. அது மானிய உரத்தின் விற்பனையைப் பதிவு செய்வது. அதில் விரல் வைத்ததால் பணம் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

தளவானூர் வாசகி இன்றே செய்ய வேண்டியது: அந்த 34,000 ரூபாய் ஸ்லிப்பையும் 3,400 ரூபாய் பில்லையும் எடுத்துக்கொண்டு, மெஷின் கொடுத்த வங்கிக்குப் போய் ரீஃபண்ட் போடுவது. ரீஃபண்ட் ஸ்லிப்பை படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். அதில் உள்ள ஆர்ஆர்என் எண்ணைச் சொன்னால், அவருடைய வங்கி பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்லும்.