ஆர்ம்ஸ்டிராங் பெற்ற கைம்மாறு

வானொலி என்றவுடன் மார்க்கோனியின் பெயரே நம் நாவில் எழுகின்றது. அவருக்குப் பின் அக்கலையை வளர்த்தவருள் தலையாயவர், நியூயார்க்கில் 1890-ஆம் ஆண்டு பிறந்த எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்டிராங். செய்ந்நன்றியறிதலைப் பாடமாகப் பயிலும் நமக்கு, அவர் பெற்ற கைம்மாறு முறையன்று எனவே தோன்றுகின்றது.

முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையுடன் பாரிசுக்குச் சென்ற அவர், 1918-இல் சூப்பர்ஹெட்டரோடைன் எனும் ஏற்கும் கருவியை அமைத்தார். வந்தடையும் அலையைக் கருவியினுள்ளே பிறப்பித்த மற்றோர் அலையுடன் கலந்து, பெருக்குதற்கு எளிதான தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்குவதே அதன் வழி. போர் முடிந்தமையின் அன்று அது களங்காணவில்லை. இரண்டாம் போரில் ரேடார்களுக்கு அதுவே பயன்பட்டது.

எனினும் அவரது பெருங்கொடை, 1933-இல் காப்புரிமை பெற்ற எப். எம். முறையேயாம். மின்னலும் எந்திரப் பொறியும் பெரிதும் அலையின் உயரத்தையே கலைப்பன. அவரோ குரலை உயரத்தில் ஏற்றாது அதிர்வெண்ணில் ஏற்றினார், இரைச்சல் அடங்கியது. எஞ்சின் முழங்கும் டாங்கியினுள், 'நிற்க' எனும் ஆணை 'செல்க' எனக் கேட்குமாயின் விளைவு என்னாம்! அமெரிக்க டாங்கிகளிலும், காலாட்படையினர் முதுகிற் சுமந்த வாக்கி-டாக்கியிலும் இம்முறையே இருந்தது. போர்க்காலத்தில் படையினர் தமக்கு உரிமைப்பணம் தரவேண்டுவதில்லையென விட்டுக்கொடுத்தார் ஆர்ம்ஸ்டிராங்.

போருக்குத் துணைநின்றவரைப் புகழலாமோ என வினவுவாரும் நம்முள் உளர். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆணை தெளிவாகக் கேட்ட டாங்கியே குண்டும் வீசிற்று. ஆயினும் அக்கொடையை இரு கையாலும் ஏற்றவர்க்கு, கொடுத்தவரைக் கைவிட உரிமை ஏது?

நடந்தது அதுவே. 1945-இல் அரசின் வானொலி ஆணையம், 42 முதல் 50 மெகாசைக்கிள் வரையிருந்த எப். எம். வரிசையை 88-க்கு மேல் மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த பழங்கருவிகள் பயனற்றொழிந்தன. ஆர். சி. ஏ. நிறுவனம் உரிமைப்பணம் தர மறுக்க, 1948-இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு நீண்டது, பொருள் கரைந்தது. 1954 சனவரி 31 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

எஞ்சிய வழக்குகளை அவர் மனைவி மேரியன் விடாது நடத்தினார். இறுதி வழக்கில் 1967-இல் தோற்றது மோட்டரோலா நிறுவனம். கால்வின் எனும் பெயருடன் போர்க்காலத்தில் அந்த வாக்கி-டாக்கியைச் செய்தளித்ததும் அதே நிறுவனந்தான்.