இறந்தகாலத்தில் எழுதாதீர்கள்



நீளமான பதிவு. காபி ஆறிவிடும் என்று நினைப்பவர்கள் குடித்துவிட்டு வந்து படியுங்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே.

போன மாதம் நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. அமெரிக்காவில் இருக்கும் நம் பையன் ஒருவன் குடும்பத்தோடு ஸ்மோக்கி மலைக்குப் போயிருக்கிறான். பெயர் சொல்லவில்லை, அவனே கமெண்டில் வந்து ஒப்புக்கொள்வான். வட கரோலினாவில் செரோக்கி என்றே பெயர் கொண்ட ஊரில், சாலையோரம், முதுகுவரை தொங்கும் இறகுத் தொப்பி வைத்த ஒரு பெரியவர். அவருக்கு இரண்டு பக்கமும் இவன் பிள்ளைகள். கீழே, "அழிந்துபோன செரோக்கி இனத்தின் கடைசித் தலைவருடன்" என்று எழுதியிருந்தான். குழு முழுக்க இதயமும் கைதட்டலும்.

எனக்குக் கை வரவில்லை. போனில் கூப்பிட்டேன். "ஏண்டா, அழிந்துபோன இனம் என்றால் உன் பிள்ளைகள் பக்கத்தில் நிற்பவர் யார்?" என்று கேட்டேன். சிரித்தான். "டீச்சர், நீங்கதானே அப்படிப் பாடம் எடுத்தீங்க! ஆண்டு விழாவுல எனக்கு இறகு குத்தி விட்டதே நீங்கதான்!"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னது உண்மை.

உங்களில் பலருக்கு அந்தக் கொலம்பஸ் நாடகம் நினைவிருக்கும். சாக்கைக் கிழித்துப் பாவாடை, கன்னத்தில் குங்குமக் கோடு, தலையில் கோழி இறகு. வாயைக் கையால் தட்டிக்கொண்டு "ஊ ஊ" என்று குதித்தீர்கள். தலைமையாசிரியர் முதல் பரிசு கொடுத்தார். முப்பது வருடம் வகுப்பில், "செவ்விந்தியர்கள் அமெரிக்காவில் வாழ்ந்து வந்தனர்" என்று சொல்லிக்கொடுத்தேன். வாழ்ந்து வந்தனர். இறந்தகாலம். ஒரு வினைச்சொல்லின் விகுதியால் ஒரு மக்களையே சாகடிக்கலாம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது தெரிந்துகொண்டதைச் சொல்லாமல் விட்டால் அது பெரிய தவறு.

முதலில் அந்தத் தொப்பி. அது செரோக்கிகளுடையதே அல்ல. நீண்ட இறகுத் தொப்பியும் தோல் கூடாரமும் மேற்கே சமவெளியில் குதிரையேறி வாழ்ந்த வேறு மக்களுடையவை. செரோக்கிகள் மலைநாட்டு விவசாயிகள். சோளம், அவரை, பூசணி பயிரிட்டவர்கள். மண் பூசிய வீடுகளிலும் பிறகு மரக்கட்டை வீடுகளிலும் இருந்தவர்கள். அவர்களுடைய பெரும் அறிஞர் செக்வோயாவின் படத்தைப் பாருங்கள், தலையில் துணியால் முண்டாசு கட்டியிருப்பார். கார் நிறுத்தும் சுற்றுலாப் பயணிக்கு முண்டாசு பிடிக்கவில்லை. சினிமாவில் பார்த்த இறகு வேண்டும். அதனால் வயிற்றுப் பிழைப்புக்காக அந்த ஊர்க்காரர்கள் பல காலமாக அடுத்தவர் தொப்பியை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"அவங்களே காசுக்காகச் செய்யறாங்க, எங்களை ஏன் திட்டறீங்க?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தொப்பி வைத்தவரை நான் குறை சொல்லவில்லை. வேறு எதற்கும் காசு கொடுக்காதவர்கள் தொப்பிக்கு மட்டும் காசு கொடுத்தால், தொப்பிதான் விற்கும். வாங்கிய கண்ணைத்தான் கேட்கிறேன்.

இரண்டாவது, "அழிந்துபோன". செரோக்கிகளுக்கு அமெரிக்க மத்திய அரசு ஏற்றுக்கொண்ட மூன்று அரசுகள் இன்றைக்கு உண்டு. ஓக்லஹோமாவின் டாலக்வா ஊரைத் தலைநகராகக் கொண்ட செரோக்கி நேஷன், அதே ஊரில் இயங்கும் ஐக்கிய கீடூவா குழு, வட கரோலினாவில் கிழக்குச் செரோக்கிக் குழு. செரோக்கி நேஷனில் மட்டும் 4,50,000-க்கும் மேற்பட்ட குடிமக்கள். தேர்தல் நடக்கிறது, நீதிமன்றம் நடக்கிறது, மருத்துவமனை நடக்கிறது.

இனி அவர்களுடைய விழாக்களுக்கு வருகிறேன். நம் குழுவில் இன்னொருவர், "இந்த மாதிரி விழாவெல்லாம் பழம்பெருமை பேசத்தான், டூரிஸ்ட் ஐட்டம்" என்று எழுதியிருந்தார். அவருக்குத்தான் இந்தப் பதில்.

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, டாலக்வாவில் செரோக்கி தேசிய விழா நடக்கிறது. ஊர்வலம், நடனம், சமையல், கைவினை எல்லாம் உண்டு. பெரிய உருண்டைகளை மைதானத்துக் குழிகளில் விழவைக்கும் செரோக்கிக் கோலிக்குண்டு உண்டு. சோளத்தட்டைக் கட்டுகளைத் தூரத்திலிருந்து அம்பால் துளைக்கும் போட்டி உண்டு. இரண்டு கையிலும் வலை மட்டை பிடித்து ஆடும் பந்தாட்டம் உண்டு. ஆனால் விழா எதற்காக? அறுவடைக்கும் இல்லை, சாமிக்கும் இல்லை. ஒரு அரசியல் சாசனத்துக்காக. 1839 செப்டம்பர் 6 அன்று அவர்கள் கையெழுத்திட்ட சாசனத்தின் ஆண்டு நாள் அது. அதனால்தான் விழாவில் அவர்களுடைய முதன்மைத் தலைவர் எழுந்து, நாடு எந்த நிலையில் இருக்கிறது என்று மக்களுக்குக் கணக்குச் சொல்கிறார்.

அந்த 1839 எப்படிப்பட்ட ஆண்டு என்று யோசியுங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க ராணுவம் துப்பாக்கி முனையில் அவர்களை வீட்டைவிட்டு விரட்டியது. சுமார் 16,000 பேர் ஜார்ஜியா, டென்னசி, கரோலினா மலைகளிலிருந்து ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டார்கள். முகாமிலும் வழியிலுமாக சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கண்ணீர்ப் பாதை என்பது இதைத்தான். பிணம் புதைத்த கை காயும் முன்னே உட்கார்ந்து சாசனம் எழுதியிருக்கிறார்கள்.

இந்த விழா தொடங்கிய ஆண்டு 1953. அது இன்னும் முக்கியம். 1907-இல் ஓக்லஹோமா மாநிலமானபோது அவர்களுடைய அரசின் அதிகாரமெல்லாம் பறிக்கப்பட்டிருந்தது. அதன்பின் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கவும் முடியவில்லை. அமெரிக்க ஜனாதிபதிதான் நியமிப்பார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் பழங்குடி அரசுகளோடு உள்ள உறவையே முடித்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டது. அடுத்த மாதம், செப்டம்பரில், இவர்கள் முதல் தேசிய விழாவுக்குக் கூடினார்கள். "உங்களைக் கலைக்கப்போகிறோம்" என்று ஒரு பக்கம் சொல்ல, "எங்களுக்கு ஒரு சாசனம் இருக்கிறது" என்று மறுபக்கம் ஊர்கூடி நினைவுபடுத்தினார்கள். மறுபடி ஓட்டுப்போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது 1971-இல். விழாதான் ஓட்டுரிமையை வாங்கித் தந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பதினெட்டு வருடம் ஆண்டு தவறாமல் கூடிய கூட்டம் தன்னை மறக்கவில்லை என்று மட்டும் சொல்வேன். இதுவா டூரிஸ்ட் ஐட்டம்?

இன்னொன்றும் நடக்கிறது. கோடைக்காலத்தில் செரோக்கி இளைஞர்கள் ஜார்ஜியாவின் நியூ எகோட்டாவிலிருந்து டாலக்வா வரை சைக்கிளில் போகிறார்கள். சுமார் 950 மைல். முன்னோர்கள் நடந்த அதே பாதை. 1984-இல் தொடங்கியது. கிளம்பும் முன் வரலாறும் மொழியும் தங்கள் வம்சாவளியும் படிக்கிறார்கள். நான் உங்களுக்குக் கண்ணீர்ப் பாதையை இரண்டு மதிப்பெண் கேள்வியாக நடத்தினேன். அவர்கள் அதைத் தொடை வலிக்க வலிக்கப் படிக்கிறார்கள். எது நல்ல பாடம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நாம் போட்டோ எடுக்க முடியாத கூடுகைகளும் உண்டு. இரவில் புனித நெருப்பைச் சுற்றி, ஆண்கள் பாட, பெண்கள் காலில் ஆமையோட்டுச் சலங்கை கட்டி ஆடும் ஆட்டம் அவர்களுடைய வழிபாடு. அங்கே டிக்கெட் கிடையாது, கேமரா கூடாது. நம் கோயில் கருவறைக்குள் போனை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? அதே மரியாதைதான்.

"விழா கொண்டாடினால் மொழி பிழைத்துவிடுமா?" என்றும் ஒரு கேள்வி வந்தது. பிழைக்காது. இதை என்னைவிடக் கடுமையாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். செக்வோயா 1821-இல் தன் மொழிக்கு எழுத்து உருவாக்கி முடித்தார். 1828-இல் அந்த எழுத்தில் பத்திரிகையே வந்தது. அப்படிப்பட்ட மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று சுமார் 2,000 பேர், பெரும்பாலும் முதியவர்கள். 2019-இல் மூன்று அரசுகளும் சேர்ந்து மொழிக்கு அவசரநிலை அறிவித்தன. முழுக்கச் செரோக்கி மொழியிலேயே நடக்கும் பள்ளிகளை டாலக்வாவிலும் கரோலினாவிலும் நடத்துகிறார்கள். கொரோனா தடுப்பூசி வந்தபோது, மொழி பேசுபவர்களை முன்வரிசையில் நிறுத்தி ஊசி போட்டார்கள். ஒரு பாட்டி போனால் ஓர் அகராதியே போகும் என்று தெரிந்தவர்கள் செய்யும் காரியம் அது. கூடினால்தான் பேச ஆள் கிடைக்கும், பேசினால்தான் மொழி இருக்கும். விழா மட்டும் போதாது. விழாவும் இல்லையென்றால் அந்தப் பாட்டியும் பேத்தியும் எங்கே சந்திப்பார்கள்?

கடுகி என்று அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. ஊரார் கூடி ஒருவருக்கொருவர் உழைப்பது என்று பொருள். 1980-களின் தொடக்கத்தில் ஓக்லஹோமாவின் பெல் என்ற சிற்றூரில் பல வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. வில்மா மேன்கில்லர் என்ற பெண்மணி ஊரைத் திரட்டினார். ஊர்க்காரர்களே 16 மைல் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள். 1985-இல் அவர் செரோக்கி நேஷனின் முதன்மைத் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். கூடுவது என்றால் ஆடுவது மட்டும் இல்லை, பிள்ளைகளே.

அவர்களைத் தெய்வமாக்கவும் நான் சொல்லவில்லை. விரட்டப்படும் முன்பே அவர்களில் வசதியானவர்கள் கறுப்பின மக்களை அடிமையாக வைத்திருந்தார்கள். அந்த அடிமைகளுக்கும் சந்ததிக்கும் 1866 ஒப்பந்தம் குடியுரிமை தந்தது. பிறகு அதைப் பறிக்க முயன்றார்கள், வழக்கு நடந்தது. 2021-இல்தான் செரோக்கி நேஷனின் உச்ச நீதிமன்றம், "இரத்த வழி" என்ற சொற்களைத் தங்கள் சாசனத்திலிருந்து நீக்கியது. அழிந்துபோனவர்கள் தவறு செய்வதும் இல்லை, வழக்குப்போட்டுத் திருந்துவதும் இல்லை. உயிரோடு இருப்பவர்கள்தான் செய்வார்கள்.

கடைசியாக, "நமக்கு என்ன டீச்சர் இதில்?" என்ற கேள்வி. அட்லாண்டா பக்கம் ஃபோர்சைத் கவுண்டியில் வீடு வாங்கியிருக்கும் என் சொந்தங்களே, கொஞ்சம் கேளுங்கள். அது செரோக்கி மண். 1832-இல் ஜார்ஜியா மாநிலம் அதைத் துண்டு துண்டாக அளந்து லாட்டரி போட்டு வெள்ளையர்களுக்குக் கொடுத்தது. செரோக்கிகள் அங்கே குடியிருக்கும்போதே! உங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பின்னால் புரட்டிக்கொண்டே போனால் அந்த லாட்டரிச் சீட்டில்தான் போய் நிற்கும். நீங்கள் பாவம் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. நேற்று வந்து, கடன் வாங்கி, வியர்வை சிந்தி வாங்கிய வீடு. ஆனால் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்வது விருந்தாளியின் குறைந்தபட்ச மரியாதை.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் நியூ எகோட்டாவைப் பார்த்தேன். அங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். செரோக்கிப் பத்திரிகை அச்சான கூடத்தைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அச்சு எழுத்துகளைப் பார்த்துக் கண் கலங்கினேன். வீடு திரும்பி டைரியில், "எவ்வளவு உயர்ந்த மக்களாக இருந்தார்கள்!" என்று எழுதினேன். மறுபடியும் அதே இறந்தகாலம். பாருங்கள், டீச்சருக்கே பாடம் ஏறவில்லை.

அதனால் கேட்கிறேன். டல்லாஸில் இருப்பவர்களே, தொழிலாளர் தின விடுமுறையில் டாலக்வா நாலைந்து மணி நேரப் பயணம்தான், ஒருமுறை போய் வாருங்கள். ஸ்மோக்கி மலைக்குப் போகிறவர்களே, அக்டோபரில் செரோக்கி ஊர்ச் சந்தை விழா நடக்கும், அதற்குப் போங்கள். கூடை முடைபவரிடம் விலை பேசாமல் கூடை வாங்குங்கள். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். பெயர் கேளுங்கள். பிள்ளைகளுக்கு இறகு குத்தாதீர்கள்.

போட்டோ போட்ட பையா, உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் கற்றுக்கொடுத்ததைத்தான் நீ எழுதினாய். படத்தை நீக்க வேண்டாம். கீழே உள்ள வரியை மட்டும் திருத்து. "அழிந்துபோன", "கடைசி" இரண்டையும் அடித்துவிடு. அவர் பெயரைக் கேட்டிருந்தால் அதை எழுது. கேட்கவில்லை என்றால், அடுத்த முறை கேள்.

நானும் என் பழைய பாடக்குறிப்பு நோட்டை எடுத்துச் சிவப்பு மையால் திருத்திவிட்டேன். வாழ்ந்து வருகின்றனர். நிகழ்காலம்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்